கைநாட்டும் காவலும் – ஒரு நோக்கு

தமிழில் 'கைநாட்டு' என்னும் சொல் இருபொருள் தருவது. எழுத்தறியாதவர் கையொப்பத்திற்கு மாற்றாக ஆவணத்தில் இடும் பெருவிரல் பதிவு ஒன்று. அப்பதிவை இடுகின்ற ஆளே மற்றொன்று. 'அவர் கைநாட்டு' என்று ஊரில் ஒருவரைச் சுட்டினால், அவருக்குப் படிப்பு வாசனை இல்லை என்பது பொருள். 'தற்குறி' என்னும் பழஞ்சொல்லின் கதையும் இதுவே. எழுதத் தெரியாதவர் தமக்குரியதாக இட்ட குறி தற்குறி. பின்னர்க் குறியை இட்டவரே தற்குறி ஆனார். இன்று அது வசைச்சொல். குறியின் பெயர் குறி இட்டவருக்கு ஆகிவந்தமையால் இதனை ஆகுபெயரின்பாற் படுத்தலாம்.

இன்று நிலைமை வேறு. பல்கலைக்கழகத் துணைவேந்தர் முதல் தூய்மைப் பணியாளர் வரை நாம் அனைவரும் கைநாட்டு வைப்பவர்களாகிவிட்டோம். அலுவலக வாயிலில் உள்ள வருகைப் பதிவுக் கருவி, நியாயவிலைக் கடை, வங்கி, கடவுச்சீட்டு அலுவலகம், கையில் இருக்கும் கைப்பேசி என எங்கும் விரலே நம்மை இன்னார் என அறிவிக்கிறது. முனைவர் பட்டம் பெற்றவரும் விரலை வைத்தாலன்றிக் கல்லூரிக்கு வந்தவராகக் கருதப்படார். சுண்ணக்கட்டித் துகள் படிந்த விரலைக் கருவி ஏற்க மறுப்பதும், அவ்விரலைக் கைக்குட்டையில் துடைத்து மீண்டும் மீண்டும் வைப்பதும் ஆசிரியர் உலகம் நன்கறிந்த காட்சி.

மசி தடவிக் காகிதத்தில் வைத்த பழைய கைநாட்டு எங்கே இருக்கிறது என்பது வைத்தவருக்குத் தெரியும். அது பத்திரத்தில் இருக்கும். பத்திரம் பெட்டியில் இருக்கும். கண்ணாடிப் பரப்பில் வைக்கும் புதிய கைநாட்டு எங்கே செல்கிறது? எவ்வடிவில் தங்குகிறது? யார் காவலில் இருக்கிறது? களவு போனால் என்ன செய்வது? இவற்றுள் இறுதி வினாவே இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று. பூட்டின் சாவி தொலைந்தால் பூட்டை மாற்றலாம். கணிப்பொறியின் கடவுச்சொல் களவு போனால் வேறொரு சொல்லை வைத்துக்கொள்ளலாம். விரலை மாற்ற இயலாது. ஒருவருக்கு வாழ்நாள் முழுமைக்கும் வாய்த்தவை பத்தே.

நம் கருத்தை முதலிலேயே கூறிவிடுவோம். விரல்ரேகை முதலில் பயன்பட்டது சாட்சியாக. சாட்சி என்பது பலரறிய நிற்பது, காட்டப்படுவதற்கென்றே உள்ளது. இக்காலத்தில் அதனை நாம் சாவியாகவும் ஆக்கிவிட்டோம். சாவியோ மறைத்து வைக்கப்படுவது. ஒரே பொருள் வெளிப்படையாகவும் மறைவாகவும் இருத்தல் அரிது. சேமித்து வைக்கப்பட்ட விரல்ரேகைகளுக்கு நேரும் இடர்களுள் பல இம்முரணிலிருந்தே தோன்றுகின்றன.

ஆவணத்தில் பிறந்த கலை

ரேகையைக் கொண்டு ஆளை அறியும் முறை மேலைநாட்டிலிருந்து நமக்கு வந்தது எனப் பலர் எண்ணுவர். அது வங்காளத்தில் வளர்ந்து இலண்டனுக்குச் சென்றது என்பதே வரலாறு. 1858ஆம் ஆண்டு அங்கு ஆட்சிப் பணியில் இருந்த வில்லியம் ஹெர்ஷல், சாலைப் பணிக்குச் சரளை வழங்க ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையை மசியில் தோய்த்து ஒப்பந்தத்தாளில் பதியச் செய்தார். 'இது என் கையொப்பம் அன்று' எனப் பின்னாளில் மறுக்காதிருக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். பிறகு ஹூக்ளியில் 1877ஆம் ஆண்டு முதல் பத்திரப் பதிவிலும் ஓய்வூதியம் வழங்குவதிலும் விரல்பதிவைக் கையாண்டார். இறந்தவர் பெயரில் மற்றவர் ஓய்வூதியம் வாங்குவதைத் தடுக்க அது உதவிற்று. இன்று ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் ஆண்டுதோறும் விரல் வைத்து மின்னணு வாழ்வுச் சான்று அளிப்பதை நோக்கும்போது, ஹெர்ஷலின் ஓய்வூதியப் பதிவேடு நினைவுக்கு வருகிறது.

1880இல் ஹென்றி ஃபால்ட்ஸ் 'நேச்சர்' இதழில் எழுதிய மடலும், 1892இல் பிரான்சிஸ் கால்டன் வெளியிட்ட நூலும் இத்துறைக்கு அறிவியல் அடித்தளம் இட்டன. ஆயினும் ஒரு பெருஞ்சிக்கல் எஞ்சி நின்றது. பத்து விரல்களின் பதிவையும் தாளில் எடுத்துவிடலாம். அத்தகைய தாள்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தபின், அவற்றுள் ஒன்றைத் தேடி எடுப்பது எங்ஙனம்? இச்சிக்கலை அவிழ்த்தவர்கள் கல்கத்தாவில் காவல்துறை உயர் அலுவலர் எட்வர்ட் ஹென்றியின்கீழ்ப் பணியாற்றிய காஜி அஜீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரு இந்தியர்.

அஜீசுல் ஹக் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் கணிதம் பயின்றவர். அவர் வழி எளிமையும் அழகும் உடையது. பத்து விரல்களை ஐந்து இணைகளாகப் பிரித்தார். விரல்ரேகையின் அமைப்பு வில், கண்ணி, சுழி எனப் பலவகைப்படும். ஓர் இணையில் உள்ள இரு விரல்களிலும் சுழி உண்டா, இல்லையா என்று மட்டும் நோக்கினால் நான்கு நிலைகள் கிடைக்கும். ஐந்து இணைகளுக்கும் நான்கை ஐந்து முறை பெருக்க, 1024 நிலைகள் வரும். நெடுக்கில் 32, குறுக்கில் 32 என 1024 அறைகள் கொண்ட அலமாரி போதும். எத்தாள் எவ்வறைக்குரியது என்பதை விரலே சொல்லிவிடும். 1897ஆம் ஆண்டு கல்கத்தாவில் விரல்ரேகைக் கூடம் ஏற்பட்டது. 1901இல் இம்முறை இலண்டன் ஸ்காட்லாந்து யார்டைச் சென்றடைந்தது. உலகம் அதற்கு 'ஹென்றி முறை' எனப் பெயரிட்டது. ஹக்குக்குக் 'கான் பகதூர்' பட்டமும் போசுக்கு 'ராய் பகதூர்' பட்டமும் கிடைத்தன; முறையின் பெயரில் இருவருக்கும் இடமில்லை. பிற்காலத்தில் பிரித்தானிய விரல்ரேகை வல்லுநர் சங்கம் இருவர் பெயராலும் ஒரு பரிசை ஏற்படுத்தியது என்பது சற்றே ஆறுதல்.

அக்கல்கத்தா அலமாரியே உலகின் முதல் விரல்ரேகைத் தரவுத்தளங்களுள் ஒன்று எனலாம். அதன் பாதுகாப்பு எத்தகையது? கதவுக்கு ஒரு பூட்டு. வாயிலில் ஒரு காவலர். அவ்வளவே. ஆனால் அங்கிருந்த தாள்கள் அனைத்தையும் களவாட வேண்டுமாயின் மாட்டு வண்டி ஒன்று தேவைப்பட்டிருக்கும். களவாடிய பின்னும் அவற்றைக் கொண்டு எவருடைய பணத்தையும் எடுத்துவிட முடியாது. அன்று விரல்ரேகை எந்தக் கதவையும் திறக்கவில்லை. அது சாட்சி கூறிற்று, அதோடு நின்றது.

கருவிக்குள் நிகழ்வது

இன்றைய கருவியில் விரலை வைத்தவுடன் என்ன நிகழ்கிறது என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. முதலில் கருவி ரேகையைப் படமாகப் பிடிக்கிறது. பிறகு அப்படத்தில் ரேகைகள் எங்கே முடிகின்றன, எங்கே கவடுபட்டு இரண்டாகப் பிரிகின்றன என்று தேடுகிறது. அத்தகைய ஒவ்வொரு புள்ளியின் இடமும் சாய்வும் எண்களாகக் குறிக்கப்படுகின்றன. இவ்வெண்களின் தொகுதியை வார்ப்புரு என்பர். அடுத்த முறை நாம் விரல் வைக்கும்போது ஒப்பிடப்படுவது பெரும்பாலும் இவ்வார்ப்புருவே.

2005ஆம் ஆண்டு வெளியான பன்னாட்டுத் தரமுறையின்படி ஒரு புள்ளிக்கு 6 பைட்டு இடம் போதும். 40 புள்ளிகள் உள்ள ஒரு விரலுக்கு 240 பைட்டு. தலைப்புக் குறிப்புகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 270. கணிப்பொறியில் ஒரு நேரிசை வெண்பாவை யூனிகோடு முறையில் ஏற்ற இதனினும் மிகுதியான இடம் வேண்டும். ஒருவரை உலகின் ஏனைய மாந்தரினின்றும் பிரித்துக் காட்டும் செய்தி நான்கடி வெண்பாவினும் சிறிதாய் அடங்கிவிடுகிறது. கல்கத்தா அலமாரிக்கு வண்டி வேண்டியிருந்தது. ஒரு மாவட்டத்து மக்கள் அனைவரின் வார்ப்புருக்களும் இன்று சட்டைப்பையில் அடங்கும்.

கருவி விற்போர் நெடுங்காலம் ஓர் உறுதிமொழி கூறி வந்தனர். 'நாங்கள் ரேகையின் படத்தைச் சேமிப்பதில்லை; எண்களையே சேமிக்கிறோம். எண்களிலிருந்து படத்தை மீட்க இயலாது' என்பதே அது. 2007ஆம் ஆண்டில் இவ்வுறுதிமொழி பொய்த்தது. அருண் ராஸ் முதலியோர் ஒருபுறமும், இத்தாலி நாட்டின் கப்பெல்லி முதலியோர் மற்றொருபுறமும், வார்ப்புருவிலுள்ள எண்களைக் கொண்டே ரேகைப் படத்தை மீண்டும் வரைந்து காட்டினர். வரைந்த படம் மூலத்தோடு அச்சொட்டாக ஒத்திருக்கவில்லை. ஆனால் ஒப்பிடும் கருவிகளை ஏமாற்ற அது போதுமானதாக இருந்தது. ஆயினும் பழைய உறுதிமொழியை நம் ஊர்க் கடைகளில் இன்றும் கேட்கலாம்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். கடவுச்சொற்களையும் நிறுவனங்கள் சேமிக்கத்தானே செய்கின்றன? அவற்றுக்கு இல்லாத இடர் ரேகைக்கு மட்டும் ஏன்? நன்கு அமைந்த நிறுவனம் கடவுச்சொல்லை அப்படியே சேமிப்பதில்லை. அதனை ஒருவழிக் கணக்கீட்டில் இட்டு அரைத்து, அரைபட்ட மாவை மட்டுமே சேமிக்கிறது. மாவிலிருந்து அரிசியை மீட்க இயலாது. அடுத்த முறை நாம் தரும் சொல்லையும் அவ்வாறே அரைத்து, மாவும் மாவும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கிறது. கடவுச்சொல் ஒவ்வொரு முறையும் ஓரெழுத்தும் பிறழாமல் வருவதால் இது இயலும். விரல் அவ்வாறு வருவதில்லை. ஒருநாள் அழுத்தி வைக்கிறோம், ஒருநாள் சாய்த்து வைக்கிறோம், பனிக்காலத்தில் தோல் வறண்டிருக்கிறது, மழையில் நனைந்திருக்கிறது. ஒரே விரலின் இரு பதிவுகள் முற்றிலும் ஒன்றாக அமைவதில்லை. அரைத்துவிட்டால் சிறு வேறுபாடும் பெரிதாகி, மாவும் மாவும் ஒவ்வா. ஆகவே ஒப்பிடும்பொழுது வார்ப்புருவைத் திறந்தே பார்க்க வேண்டியுள்ளது. மறைகுறியிட்டுப் பூட்டி வைத்தாலும், ஒப்பிடுவதற்காக அதனைத் திறக்கும் சாவி ஒன்று எங்கோ இருந்தாக வேண்டும். ஆகவே எவ்வளவு வலிய மறைகுறி என்று கேட்பதோடு, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

இவ்விடரை நீக்க அறிஞர் முயலாமல் இல்லை. 2001இல் நளினி ரத்தா முதலிய ஐ.பி.எம். நிறுவன ஆய்வாளர்கள் ஒரு வழி கூறினர். ரேகையை அப்படியே சேமியாது, வேண்டுமென்றே ஒரு முறைப்படி நெளித்துச் சேமிப்பது. அது களவு போனால் நெளிக்கும் முறையை மாற்றிப் புதிதாகப் பதிவது. விரலை மாற்ற இயலாவிடினும் அதன் நிழலை மாற்றலாம் என்பது இதன் கருத்து. மறு ஆண்டு, சென்னையில் பிறந்த கணிப்பொறி அறிஞர் மது சூடனும் ஆரி ஜூல்ஸ் என்பவரும் மற்றொரு வழி கண்டனர். மெய்யான புள்ளிகளோடு பொய்யான புள்ளிகளைப் பெருமளவில் கலந்து வைப்பது அது. ஆங்கிலத்திலும் அப்பொய்ப்புள்ளிகளுக்குப் 'பதர்' என்றே பெயர். நெல் எது, பதர் எது என்பது உரிய விரலை வைத்தால் மட்டுமே தெரியும். இவ்வழியும் குறையற்றதன்று. ஒரே விரலை இரு நிறுவனங்கள் தனித்தனியே பதரோடு கலந்து வைத்திருக்க, இரண்டும் களவு போயினவாயின், இரண்டிலும் பொதுவாக உள்ளவை நெல் எனக் கள்வர் கண்டுகொள்வர். ஆய்வுக் கட்டுரைகளில் பேசப்படும் அளவிற்கு இம்முறைகள் அலுவலக வாயில்களில் உள்ள மலிவான கருவிகளில் இடம்பெறவில்லை என்பதும் கருதத்தக்கது.

மூன்றாவது வழி, சேமிப்பைப் பரவலாக்குவது. 2013ஆம் ஆண்டு ஐபோன் 5எஸ் கைப்பேசியில் வந்த விரல்பூட்டு இத்தகையது. ரேகைத் தரவு கைப்பேசியின் உள்ளே சில்லின் ஒரு தனிப்பகுதியில் மட்டும் தங்கும், நிறுவனத்திற்கும் செல்வதில்லை. ஜெர்மனி நாட்டில் கடவுச்சீட்டின் சில்லில் இரு விரல்களின் ரேகை உண்டு. ஆனால் நாடு தழுவிய ரேகைக் களஞ்சியம் அமைப்பதை அந்நாட்டுச் சட்டம் தடுக்கிறது. கடவுச்சீட்டை உரியவரிடம் கொடுத்தபின் அலுவலகத்திலுள்ள ரேகையை அழித்துவிட வேண்டும். கள்வன் ஒரு கைப்பேசியை உடைத்தால் ஒருவர் ரேகைதான் கிடைக்கும். களஞ்சியத்தை உடைத்தாலோ ஊரே கிடைக்கும்.

உடைபட்ட காவல்கள்

அவ்வாறு ஊரே கிடைத்த நிகழ்ச்சிகள் உண்டு. 2015ஆம் ஆண்டு அமெரிக்க நடுவணரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகத்திலிருந்து 2 கோடியே 15 லட்சம் பேரின் விவரங்கள் களவு போயின. அவர்களுள் 56 லட்சம் பேரின் விரல்ரேகைகளும் சென்றுவிட்டன. முதலில் 11 லட்சம் என்றே அறிவித்தனர். சில திங்கள் கழிந்தபின் எண்ணிக்கை ஐந்து மடங்காயிற்று. கமுக்கப் பணிகளுக்காகப் பின்னணி ஆராயப்பட்டவர்களும் அவர்களுள் அடங்குவர். அத்தகையோர் பெயரை மாற்றி அயல்நாடு செல்லலாம். விரலை மாற்றிச் செல்ல இயலாது. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில், தென்கொரிய நிறுவனம் ஒன்றின் 'பயோஸ்டார் 2' என்னும் வாயிற்காப்பு ஏற்பாட்டின் தரவுத்தளம் காவலின்றித் திறந்து கிடப்பதை ஆய்வாளர் இருவர் கண்டனர். பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோரின் விரல்ரேகைத் தரவு அதில் இருந்ததாக அவர்கள் தெரிவித்தனர்.

களஞ்சியத்தை உடைக்காமலும் ரேகையைப் பெறலாம். ஜெர்மனியின் உள்துறை அமைச்சராக இருந்த வொல்ஃப்காங் ஷொய்ப்ளே கடவுச்சீட்டில் ரேகை பதிவதை வற்புறுத்தியவர். 2008இல் அவர் நீர் அருந்திய குவளையிலிருந்து அவர் ரேகையை எடுத்து, அந்நாட்டுக் கணிப்பொறி ஆர்வலர் கழகம் ஒன்று தன் இதழின் ஒவ்வொரு படியோடும் ஒட்டி வெளியிட்டது. 2014இல் அக்கழகத்தைச் சார்ந்த ஒருவர் குவளையும் இன்றி, ஒளிப்படங்களைக் கொண்டே பாதுகாப்பு அமைச்சரின் பெருவிரல் ரேகையை மீட்டுக் காட்டினார். ஜப்பானியப் பேராசிரியர் மட்சுமோட்டோ 2002ஆம் ஆண்டிலேயே, இனிப்புப் பண்டங்களில் சேர்க்கப்படும் ஜெலட்டின் கொண்டு போலி விரல் செய்து 11 வகைக் கருவிகளை ஏமாற்றிக் காட்டியிருந்தார். சாட்சியைச் சாவியாக்கியதன் விளைவை இதனினும் தெளிவாகக் காட்ட இயலாது. வாழ்நாளெல்லாம் தொட்ட இடமெல்லாம் நாம் நம் சாவியின் அச்சைப் பதித்துக்கொண்டே செல்கிறோம்.

மதிலும் பத்திரமும்

இனி நம் நாட்டிற்கு வருவோம். 2010ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் மராட்டிய மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. பத்து விரல்கள், இரு கருவிழிகள், முகம் ஆகியவை பதிவாகின. இதுவரை வழங்கப்பட்ட எண்கள் 130 கோடிக்கும் மேல். ஒருவரே இரு எண்கள் பெறாதிருக்க வேண்டுமாயின், புதிதாக வருபவரின் ரேகையை முன்னர் வந்த எல்லோருடைய ரேகைகளோடும் ஒப்பிட வேண்டும். அதற்கு நடுவண் களஞ்சியம் இன்றியமையாதது. எனவே ஜெர்மனியின் வழி இங்கு அப்படியே பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டம் 29ஆம் பிரிவில், ரேகை, கருவிழி ஆகிய அடிப்படைத் தரவுகளை எக்காரணம் பற்றியும் எவரோடும் பகிரலாகாது என்கிறது. 2018ஆம் ஆண்டு மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் வாதிட்ட அன்றைய தலைமை வழக்கறிஞர், இத்தரவுகள் 13 அடி உயரமும் 5 அடி கனமும் உள்ள மதில்களுக்குள் பாதுகாப்பாக உள்ளன என்றார். மதிலைப் பற்றிய அப்பேச்சு நகைப்பிற்கு இடமானது உண்மையே. ஆயினும் நடுவண் களஞ்சியத்திலிருந்து ரேகைகள் களவு போனதில்லை என ஆதார் ஆணையம் தொடர்ந்து கூறி வருவதையும் இங்கே குறிப்பிடல் வேண்டும்.

இடர் மதிலைத் தாண்டி வரவில்லை. மதிலுக்கு வெளியிலேயே அது இருந்தது. 2018ஆம் ஆண்டு தெலங்கானாவில் காவல்துறை ஒரு கைப்பேசி அட்டை விற்பனையாளரைப் பிடித்தது. அவர் எந்தக் களஞ்சியத்தையும் உடைத்தவரல்லர். பத்திரப் பதிவுத் துறையின் இணையதளத்தில் எவரும் காணும்படி இருந்த விற்பனைப் பத்திரங்களைத் தரவிறக்கினார். அவற்றில் ஆதார் எண் இருந்தது. பெருவிரல் பதிவும் இருந்தது. முத்திரைக்கட்டை செய்யும் முறையில் அப்பதிவை இரப்பர் போன்ற பொருளில் வார்த்தெடுத்தார். அதனைக் கருவியில் அழுத்தி, ஆயிரக்கணக்கான கைப்பேசி அட்டைகளைப் பிறர் பெயரில் உயிர்ப்பித்தார். பின்னர் இதே வழியைக் கையாண்டு வங்கிக் கணக்குகளிலிருந்து பணம் எடுத்தவர்களும் வேறு மாநிலங்களில் பிடிபட்டனர்.

பத்திரத்தில் விரல்பதிவு ஏன் இருந்தது என்று கேட்போமாயின், விடை 1858க்குச் செல்லும். 2001ஆம் ஆண்டின் திருத்தத்தால் பதிவுச் சட்டத்தில் சேர்ந்த 32அ பிரிவு, பத்திரம் தாக்கல் செய்வோரின் ஒளிப்படமும் விரல்பதிவும் ஆவணத்தில் இடம்பெற வேண்டும் என்கிறது. ஆள்மாறாட்டத்தைத் தடுப்பதே அதன் நோக்கம். ஹெர்ஷலின் நோக்கமும் அதுவேயன்றோ! பத்திரம் என்பது பலரும் பார்த்துச் சரிபார்ப்பதற்குரிய பொது ஆவணம். அதில் ரேகை சாட்சியாக நின்றதில் பிழையில்லை. அதே ரேகை வேறோர் இடத்தில் வங்கிக் கணக்கின் சாவியாக ஆக்கப்பட்டபோது, பத்திரம் எழுதிய எவருக்கும் யாரும் சொல்லவில்லை. சாவியின் அச்சை ஊர்ப் பொதுச்சுவரில் ஒட்டிவைத்தது போலாயிற்று.

வங்கிச் சேவை முகவரிடம் வங்கியின் பெயரையும் ஆதார் எண்ணையும் கூறி விரலை வைத்தால் பணம் பெறலாம் என்னும் ஏற்பாடு சிற்றூர்களில் பெரிதும் பயன்படுகிறது. அட்டையும் வேண்டாம், கடவெண்ணும் வேண்டாம். பத்துக் கல் நடந்து வங்கிக்குச் சென்ற முதியோருக்கு அது பேருதவி. ஆனால் அங்கே விரல் ஒன்றே பூட்டும் சாவியும் ஆகிறது. 2017 முதல் பதிவுபெற்ற கருவிகளே பயன்பட வேண்டும் என்றும், கருவி பிடித்த ரேகை அங்கேயே மறைகுறியிடப்பட வேண்டும் என்றும் விதி வந்தது. ஒருமுறை பிடித்த ரேகையைச் சேமித்து வைத்துக்கொண்டு மறுமுறை பயன்படுத்துவதை இது தடுக்கும். இரப்பர் விரலை இது தடுக்காது. 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆதார் ஆணையம், வைக்கப்பட்டது உயிருள்ள விரலா, போலியா எனப் புள்ளிகளையும் படத்தையும் ஒருசேர ஆராயும் புதிய ஏற்பாட்டை அறிவித்தது. இது வரவேற்கத்தக்கது. எனினும் போலி செய்வோரும் வாளாவிரார்.

நாட்டின் பெருங்களஞ்சியத்தைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், ஒவ்வோர் அலுவலகத்திலும் கல்லூரியிலும் தொழிற்கூடத்திலும் உள்ள சிறு களஞ்சியங்களைப் பற்றிப் பேசுவதில்லை. அங்கே 13 அடி மதில் இல்லை. பல இடங்களில் மேலாளரின் மேசைக் கணிப்பொறியே களஞ்சியம். அதன் கடவுச்சொல் திரையின் ஓரத்தில் ஒட்டிய தாளில் இருக்கும். பணியிலிருந்து நீங்கியவரின் ரேகை நீக்கப்பட்டதா என்று எவரும் பார்ப்பதில்லை. கருவி பழுதானால் பழைய இரும்புக்காரரிடம் செல்கிறது. உள்ளிருக்கும் ரேகைகளும் உடன் செல்கின்றன.

எத்தனை காலம்?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2008ஆம் ஆண்டு வந்த சட்டத்தின் பின்னணி அறியத்தக்கது. மளிகைக் கடைகளில் விரல் வைத்துப் பணம் செலுத்தும் வசதியை அளித்து வந்த 'பே பை டச்' என்னும் நிறுவனம் நொடித்துப்போயிற்று. நொடித்த நிறுவனத்தின் மேசை நாற்காலிகளோடு மக்களின் ரேகைகளும் கடன்காரர்களுக்கு விற்கப்படுமோ என்ற அச்சம் எழுந்தது. அதன்பின் வந்த சட்டம், எழுத்துவழி இசைவு பெற்றே ரேகையைப் பெற வேண்டும் என்றும், நோக்கம் நிறைவேறியவுடனோ, கடைசித் தொடர்பு முடிந்து மூன்று ஆண்டுகளுக்குள்ளோ, இரண்டில் முந்தியதில் அழிக்க வேண்டும் என்றும் விதித்தது. நம் நாட்டில் 2011ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் உடலடையாளத் தரவைக் கூருணர்வுத் தரவு எனத் தனியே குறித்தன. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாறு தனிவகை பிரிக்கவில்லை. தொலைபேசி எண்ணும் விரல்ரேகையும் அதன்முன் ஒரே தரத்தவை. ஒன்றை மாற்றலாம், மற்றதை மாற்ற இயலாது என்னும் வேறுபாட்டைச் சட்டம் கண்டிருக்க வேண்டும் என்பது நம் எண்ணம். 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டமோ, பெறப்பட்ட அளவீடுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம் என்கிறது. இருபது வயது இளைஞரின் ரேகை அவர் தொண்ணூற்றைந்தாம் அகவை வரை தங்கும்.

75 ஆண்டுகளில் காவலர் மாறுவர்; ஆட்சி மாறும்; சேமித்ததன் நோக்கமும் மாறும். இதற்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை. மியான்மரிலிருந்து உயிர் தப்பி வங்கதேசம் வந்த ரோஹிங்கியா ஏதிலியர், உணவும் உதவியும் பெறும் அட்டைக்காகத் தம் விரல்ரேகைகளைத் தந்தனர். அவர்களுள் 8 லட்சத்திற்கும் மேற்பட்டோரின் விவரங்களை, அவர்கள் அஞ்சி ஓடிவந்த அதே மியான்மர் அரசிடம் வங்கதேச அரசு அளித்தது என்று 2021 ஜூனில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு அறிக்கை வெளியிட்டது. பலரிடம் உரிய இசைவு கேட்கப்படவில்லை என்பது அவ்வறிக்கையின் குற்றச்சாட்டு. ஒவ்வொருவரிடமும் தனியே கேட்டோம் என்பது ஐ.நா. ஏதிலியர் ஆணையத்தின் மறுமொழி. எது எவ்வாறாயினும், அரிசிக்காக வைத்த விரல் எல்லையைக் கடந்து சென்றுவிட்டது. அங்கே எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

தம் ரேகையைத் தாமே காத்துக்கொள்ள நம் நாட்டில் ஒரு வழி உண்டு. ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலோ கைப்பேசிச் செயலியிலோ தம் உடலடையாளங்களைப் பூட்டி வைக்கலாம். பூட்டியபின் போலி விரலும் பயன்படாது, மெய்விரலும் பயன்படாது. வேண்டும்போது சிறிது நேரம் திறந்து, விரலை வைத்து, மீண்டும் பூட்டிக்கொள்ளலாம். மாணவர்கள் அனைவரும் இதனைச் செய்து வைத்தல் நன்று. ஐந்து நிமிட வேலைதான். ஆனால் பூட்டவும் திறக்கவும் ஆதாரோடு இணைத்த கைப்பேசி எண் வேண்டும். அதில் வரும் எண்ணைப் படித்து உள்ளிடத் தெரிய வேண்டும். பட்டம் பெற்றவர், கைப்பேசி உடையவர், வங்கி அட்டை வைத்திருப்பவர் இதனை எளிதில் செய்வர். அவர்களுக்கு விரலை விட்டால் வேறு சாவிகளும் உண்டு. எழுத்தறியாத மூதாட்டிக்கு நியாயவிலைக் கடையிலும் வங்கி முகவரிடமும் உள்ள ஒரே சாவி அவர் விரல். வயலிலும் அடுப்படியிலும் தேய்ந்த அவ்விரலைக் கருவி மூன்று முறைக்கு ஒருமுறை ஏற்கிறது. அவருடைய ஆதாரோடு இணைந்த எண், வெளியூரில் பணிபுரியும் மகனுடையதாக இருக்கும். அல்லது எதுவும் இணைந்திராது. மாணவர்கள் விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, தத்தம் வீட்டிலுள்ள முதியோரின் ஆதாரோடு எந்த எண் இணைந்துள்ளது என்பதை முதலில் பார்க்கட்டும்.